அறுபத்தாறு வேண்டாம், ஐம்பத்தெட்டு போதும்

எந்தக் கல்லூரியில் எந்த வகுப்பை எடுத்துக்கொண்டாலும் கடைசி பெஞ்சில் ஒரு கனவு சுற்றிக்கொண்டே இருக்கும். என்றாவது ஒருநாள் அமெரிக்கா போக வேண்டும். பழைய கார் ஒன்றை வாடகைக்கு எடுக்க வேண்டும். ரூட் 66-இல் சிகாகோவிலிருந்து சான்டா மோனிகா வரை ஓட்ட வேண்டும். வழியில் சிவப்பு சீட் போட்ட டைனர், தட்டில் பை, மூலையில் யாரோ கிடார் வாசிக்க வேண்டும். கனவு காண்பதற்குக் காசா, பணமா? காணட்டும்.

ஆனால் அதே கூட்டம் செமஸ்டர் லீவில் உண்மையாகவே கிளம்புகிறது பாருங்கள், அங்கேதான் சிரிப்பு வருகிறது. நாலு பேர், ஒரு கார், சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை. பூந்தமல்லி தாண்டியதும் கண்ணாடி ஏறிவிடும், ஏசி இறங்கிவிடும். ஆளுக்கொரு இயர்போன். சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் பீப் என்கிறது, தடுப்பு தூக்குகிறது. இடையில் ஒரே ஒரு நிறுத்தம், கண்ணாடிச் சுவர் போட்ட உணவு வளாகம். அங்கே நெய் ரோஸ்ட், ஃபில்டர் காபி, கழிப்பறை, ஒரு செல்ஃபி. மறுபடி கார். ஊருக்குத் திரும்பியதும் "செம ரோட் ட்ரிப் மச்சி" என்று தலைப்புப் போட்டு இருபது படம். அந்த இருபது படத்தில் ஒரு ஊர்ப்பெயர்ப் பலகைகூட இருக்காது. ஏனென்றால் அவர்கள் எந்த ஊருக்குள்ளும் போகவில்லை. இதற்குப் பெயர் சாலைப் பயணம் அல்ல. சாலையில் இருப்பதையெல்லாம் தவிர்ப்பதற்காகக் கட்டணம் கட்டிச் செய்யும் பயணம்.

ரூட் 66 கதையையாவது முழுசாகத் தெரிந்துகொண்டு ஏங்கினால் பரவாயில்லை. 1926-இல் அந்தச் சாலைக்கு எண் கொடுத்தார்கள். நீளம் சுமார் 3,900 கிலோமீட்டர். நகரங்களுக்கு நடுவே, கடைத்தெருக்களின் ஊடே போன சாலை. அதனால்தான் வழிநெடுக ஓட்டல், பெட்ரோல் பங்க், இசை எல்லாம் முளைத்தன. 1946-இல் பாபி ட்ரூப் அதைப் பற்றி ஒரு பாட்டு எழுத, நாட் கிங் கோல் பாட, சாலை உலகப் புகழ் அடைந்தது. பிறகு வந்தன இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகள். ஊர்களை ஒதுக்கிவிட்டு நேர்கோட்டில் போட்ட சாலைகள். ஒவ்வொரு ஊராகப் புறவழி விழ, ஒவ்வொரு டைனராகக் கதவு சாத்தியது. 1985-இல் ரூட் 66 என்ற எண்ணையே அதிகாரபூர்வமாக நீக்கிவிட்டார்கள். அதற்கப்புறம்தான் 'வரலாற்றுச் சாலை' என்று பழுப்பு நிறப் பலகை, அருங்காட்சியகம், நினைவுப் பொருள் கடை எல்லாம்.

அதாவது முதலில் கொன்றார்கள், பிறகு சிலை வைத்தார்கள். நம்மவர்கள் அந்தச் சிலைக்கு இங்கிருந்து மாலை அனுப்புகிறார்கள். நம்மூரில் அதே கொலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது என்பது மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரியாது. கண்ணாடி ஏற்றியிருக்கிறதே!

சென்னை - பெங்களூரு சாலையிலேயே தொடங்கலாம். ஸ்ரீபெரும்புதூர் தாண்டினால் சுங்குவார்சத்திரம். காஞ்சிபுரத்தை இடப்பக்கம் விட்டுவிட்டு இன்னும் போனால் பாலுசெட்டி சத்திரம். இரண்டு ஊர்ப்பெயரிலும் சத்திரம் இருக்கிறது. வழிப்போக்கன் படுக்கத் திண்ணையும், குடிக்கத் தண்ணீரும், பல இடங்களில் ஒரு வேளைச் சோறும் கொடுப்பதற்காக யாரோ ஒரு செட்டியாரோ வேறொரு தனவந்தரோ கட்டிவைத்த இடம், பிறகு ஊராகவே ஆகிவிட்டது. கால்நடையாகப் போகிறவன் ஒரு பகலில் கடக்கும் தூரத்தை வைத்துச் சத்திரங்கள் அமைந்தன. மாட்டு வண்டி அந்த வேகத்தில் போனது. பிறகு பஸ் வந்தது, லாரி வந்தது, சத்திரத்தின் இடத்தில் டீக்கடையும் பரோட்டாக் கடையும் மெஸ்ஸும் வந்தன. ஆட்கள் மாறினாலும் வேலை மாறவில்லை. இன்றைக்கு அந்த ஊர்களின் பெயர் பச்சைப் பலகையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் கடந்துபோகும் எழுத்து. தேசிய நெடுஞ்சாலை 4 என்று இருந்த எண் 2010-இல் 48 என்று மாறியது. எண் மாறினதைக்கூடப் பலபேர் கவனிக்கவில்லை. வேகம் கூடினதை மட்டும் எல்லோரும் கவனித்தார்கள்.

இது போதாதென்று, ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி பெங்களூரு பக்கம் வரை சுமார் 260 கிலோமீட்டருக்கு இன்னொரு விரைவுச் சாலை. அதில் நினைத்த இடத்தில் ஏறவும் முடியாது, நினைத்த இடத்தில் இறங்கவும் முடியாது. புறவழிக்கே ஒரு புறவழி! அதற்கு மேல் பரந்தூர் விமான நிலையத் திட்டம். 2022-இல் அறிவிப்பு வந்ததிலிருந்து ஏகனாபுரத்து மக்கள் போராட்டத்தில் இறங்கியதை எல்லோரும் செய்தியில் பார்த்திருப்பார்கள். சாலைக்கு ஊர் தொந்தரவு என்று ஆரம்பித்த சிந்தனை, கடைசியில் ஊரே தொந்தரவு என்று வந்து நிற்கிறது.

சரி, நம்மூரில் ஒரு ரூட் 66 உண்டா? உண்டு. எண் கொஞ்சம் குறைவு, 58. மாநில நெடுஞ்சாலை 58. கடற்கரையில் சதுரங்கப்பட்டினத்தில் தொடங்குகிறது. டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி உட்கார்ந்து துணி ஏற்றுமதி செய்த அதே ஊர்தான். அங்கிருந்து செங்கல்பட்டு, வாலாஜாபாத், காஞ்சிபுரம், அரக்கோணம் என்று போய்த் திருத்தணியில் முடிகிறது. கடலில் ஆரம்பித்து முருகனிடம் முடிகிற சாலைக்கு வேறு என்ன விளம்பரம் வேண்டும்! இதில் செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் வரைக்கும் உள்ள துண்டுதான் விஷயம். பெரும்பாலும் பாலாற்றுக்குப் பக்கத்திலேயே போகிறது. ஒரு ரயில் பாதையும் கூடவே வருகிறது.

இந்தச் சாலையில் ஆண்டுதோறும் ஒரு ரோட் ட்ரிப் நடக்கிறது. சாப்பாடு உண்டு, நேரடி இசை உண்டு, இரவுப் பயணம் உண்டு, வழியெல்லாம் நிறுத்தம் உண்டு. போகிறவர் பெயர் வரதர்.

பொங்கல் முடிந்த இரவு காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலிலிருந்து உற்சவர் கிளம்புகிறார். பார்வேட்டை உற்சவம். முத்தியால்பேட்டை, அய்யம்பேட்டை, வாலாஜாபாத், புளியம்பாக்கம் என்று ஊர் ஊராகக் கடந்து, இருபது கிலோமீட்டருக்கு மேல் போய், மாட்டுப் பொங்கலன்று பழையசீவரம் மலைமேல் ஏறுகிறார். நினைத்துப் பாருங்கள். தோளில் பல்லக்கு, தை மாதப் பனி, தீவட்டி, பின்னால் மேளம். கார் இருபது நிமிடத்தில் முடிக்கிற தூரத்துக்கு ராத்திரி முழுவதும் பிடிக்கிறது. ஏன்? வழியில் இருக்கிற ஒவ்வொரு ஊரும் நிறுத்துகிறது. மண்டகப்படி. அந்தந்த ஊர்க்காரர்கள் வாசலில் கோலம் போட்டு, பந்தல் போட்டு, ஆரத்தி எடுத்து, கூட வருகிறவர்களுக்குச் சுண்டலோ பொங்கலோ கையில் கொடுத்துத்தான் விடுவார்கள். பழையசீவரத்தில் இறங்கி, அங்குள்ள லட்சுமி நரசிம்மரையும் கூட்டிக்கொண்டு, பாலாற்றைக் கடந்து திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற இடம். அங்கே காவாந்தண்டலம், சாலவாக்கம் பெருமாள்களும் வந்து சேர, திருமுக்கூடல் பெருமாளோடு சேர்த்து ஐந்து பேர். ஐந்து ஊர்ச் சாமிகள் ஆற்றங்கரையில் சந்தித்துக்கொள்கிறார்கள். ஐந்து ஊர் ஜனமும்தான்.

பக்தி இல்லாதவர்கள் இங்கே படிப்பதை நிறுத்த வேண்டியதில்லை. சாமியை ஒரு பக்கம் வைத்துவிட்டு இதைப் பாருங்கள். இது ஒரு சாலையைப் பயன்படுத்தும் முறை. வழியில் உள்ளவர்கள் விருந்து கொடுப்பவர்கள், போகிறவர் விருந்தாளி. உணவு வளாகத்தில் என்ன நடக்கிறது? அந்த இடத்துக்கும் அது நிற்கிற ஊருக்கும் ஏதாவது உறவு உண்டா? சாம்பார் எங்கோ ஒரு மையச் சமையலறையில் கொதிக்கிறது. பரிமாறுகிற பையன் ஆயிரம் மைல் தள்ளி ஏதோ ஓர் ஊரிலிருந்து வந்து, தகரக் கொட்டகையில் எட்டுப் பேரோடு தூங்குகிறான். வாடகை வாங்குகிறவர் சென்னையில் இருக்கிறார். அந்தக் கட்டடத்தைத் தூக்கிக் கிருஷ்ணகிரியில் வைத்தாலும், உளுந்தூர்ப்பேட்டையில் வைத்தாலும் ஒரு இட்லிகூட மாறாது.

இட்லி என்றதும் ஞாபகம் வருகிறது. காஞ்சிபுரம் இட்லி என்று அந்த வளாகங்களில் ஒன்று விற்கிறார்கள். கிண்ணத்தில் வேகவைத்து முந்திரி பதித்த வஸ்து. வரதர் கோயில் பிரசாதமான குடலை இட்லி வேறு சமாசாரம். மூங்கில் குடலையில் மந்தாரை இலை சுற்றி, அதில் மாவை ஊற்றி நெடுநேரம் ஆவியில் வேகவைப்பது. அரிசி, உளுந்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய். உலக்கை மாதிரி நீளமாக வரும், வெட்டிக் கொடுப்பார்கள். தேங்காய்ச் சட்னிக்கு ஏங்காது. சீக்கிரம் கெட்டும் போகாது. அதாவது இது வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போகிற சாப்பாடு. டைனர் பர்கருக்கு நாக்கைத் தொங்கப்போடுகிறவர்கள், மந்தாரை இலை வாசனை ஏறின ஒரு துண்டை வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து தின்று பார்த்துவிட்டு அப்புறம் பேசட்டும்.

இப்போது இசை. இங்கேதான் கோபம் வர வேண்டும்.

நாகஸ்வரம் சபாவுக்காகப் பிறந்த வாத்தியம் இல்லை. அது தெருவுக்காகப் பிறந்தது. மூடின கூடத்துக்குள் வாசித்தால் காது கிழியும், திறந்த வெளியில் வாசித்தால் அடுத்த ஊருக்குக் கேட்கும். சாமி புறப்படும்போது மல்லாரி என்றால், அது நடந்துகொண்டே வாசிக்கவேண்டிய இசை. தோளில் தவிலை மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நடந்தபடி அடிப்பது என்றால் என்ன உடம்பு வேண்டும், என்ன கணக்கு வேண்டும் தலைக்குள்! காஞ்சிபுரம் இதற்கெல்லாம் அந்நிய ஊர் அல்ல. நாயனாப் பிள்ளை (1889 - 1934) இந்த ஊர்க்காரர். சுற்றிலும் தாள வாத்தியக்காரர்களை உட்காரவைத்து 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரி செய்தவர். வீணை தனம்மாளின் பேத்தி பிருந்தா இவரிடம் கற்றுக்கொள்ளக் காஞ்சிபுரத்துக்குத்தான் வந்தார். சித்தூர் சுப்பிரமணியப் பிள்ளையும் இவருடைய சீடர். அந்தக் காலத்தில் இசை படிக்கிறவர்கள் இந்த ஊரை நோக்கிப் பெட்டி கட்டினார்கள்.

இன்றைக்கு? மாவட்ட அரசு இசைப்பள்ளி ஊரில் இருக்கிறது, நாகஸ்வரமும் தவிலும் சொல்லித் தருகிறார்கள். படித்து முடித்து வெளியே வருகிற பிள்ளைக்கு யார் போட்டி தெரியுமா? ஒரு மின் மோட்டார். சின்னக் கோயில் எதற்குள்ளாவது போய்ப் பாருங்கள். சுவரோரம் ஒரு இரும்புச் சட்டம், அதில் ஒரு முரசு, ரெண்டு மணி, ஒரு ஜோடி ஜால்ரா. தீபாராதனை நேரத்தில் குருக்கள் ஸ்விட்சைப் போடுவார். டம டம டம டம. ராகமும் கிடையாது, தாளமும் கிடையாது. ஒரே அடி. பக்தர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். நன்கொடையாளர் பெயர் மட்டும் சட்டத்தில் பெரிதாகப் பெயின்ட் அடித்திருக்கும். ஒரு குடும்பத்தின் வேலையைப் பறிக்கிற எந்திரத்தை வாங்கிக் கொடுத்துவிட்டுப் புண்ணியக் கணக்கில் எழுதிக்கொள்கிறவர்களை என்னவென்று சொல்வது? சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை என்பார்கள். மார்பிள் போடப் பணம் இருக்கிறது, கண்காணிப்பு கேமராவுக்குப் பணம் இருக்கிறது, மூச்சை அடக்கி வாசிக்கிறவனுக்கு மட்டும் இல்லை.

கூத்துக்காரர்கள் நிலைமை இன்னும் நேரடியாகச் சாலையோடு சம்பந்தப்பட்டது. காஞ்சிபுரத்திலிருந்து செய்யாறு, வந்தவாசி, உத்திரமேரூர் போகிற வழியெல்லாம் கட்டைக்கூத்து மண். வெயில் காலத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கம், இரவு முழுக்கக் கூத்து. முகவீணை, ஆர்மோனியம், மத்தளம், டோலக்கு. மைக் வருவதற்கு முந்தியே வயல் தாண்டிக் கேட்ட குரல்கள். ராத்திரி ஒன்பது, பத்துக்கு ஆரம்பித்தால் விடியும்போதுதான் துரியோதனன் விழுவான். அப்புறம் மேக்கப்பைத் துடைத்துவிட்டு, மூட்டையைக் கட்டிக்கொண்டு, அடுத்த ஊருக்கு. அந்த விடிகாலையில் அவர்களுக்கு வேண்டியது மூன்றே மூன்று: ஒரு டவுன் பஸ், திறந்திருக்கிற ஒரு டீக்கடை, சூடாக ஏதாவது தின்ன. பழைய சாலை இந்த மூன்றையும் கொடுத்தது. பஸ் புறவழியில் போக ஆரம்பித்ததும் டீக்கடை மூடுகிறது. டீக்கடை மூடியதும் ராத்திரி நடமாட்டம் குறைகிறது. நடமாட்டம் குறைந்த ஊரில் யார் கூத்து வைப்பார்கள்? ஒரு கலை அழிவதற்கு யாரும் அதைத் தடை செய்ய வேண்டியதில்லை. பஸ் ரூட்டை மாற்றினால் போதும்.

புஞ்சரசந்தாங்கல் என்று காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலும் ஆய்வாளர் ஹன்னே டி புருயினும் அங்கே 2002-இல் கட்டைக்கூத்து குருகுலம் தொடங்கினார்கள். பள்ளிப்படிப்பும் கூத்தும் ஒன்றாக. ஆண்களே ஆடிவந்த மேடையில் பெண் குழந்தைகளை ஏற்றினார்கள். 2020-இல் அந்தக் குருகுலம் மூடப்பட்டது. நெடுஞ்சாலையிலிருந்து இறங்கிக் கொஞ்ச நேரம் ஓட்டினால் போதும். எத்தனை 'ரோட் ட்ரிப்' கார்கள் அந்தப் பதினெட்டு வருடத்தில் இறங்கியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். லைவ் மியூசிக் வேண்டும் என்று அவர்களேதான் கேட்டார்கள்.

இந்த இடத்தில் சில புத்திசாலிகள் கை தூக்குவார்கள். "பழைய ரோடு, சத்திரம், மண்டகப்படி என்று உருகுகிறாயே, அந்தச் சத்திரத்தில் எல்லோரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தார்களா?" நியாயமான கேள்வி. உட்காரவைக்கவில்லை. இதை மழுப்பிவிட்டு பழம்பெருமை பேசுகிறவர்கள் இந்தக் கட்டுரைக்கு எதிரணிதான்.

இந்த வட்டாரத்தின் வரலாறே பந்தி வரலாறுதான். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்து காஞ்சிக்கு வந்த ராமானுஜர், பிராமணர் அல்லாத திருக்கச்சி நம்பியை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார், அவர் உண்ட மிச்சத்தைத் தான் உண்ண வேண்டும் என்பது ஆசை. நம்பி வந்தபோது ராமானுஜர் வெளியே போயிருந்தார். அவருடைய மனைவி சோறு போட்டுவிட்டு, மிச்சத்தைத் தூக்கிப்போட்டு, இடத்தைக் கழுவி, தலை முழுகிவிட்டார் என்று குருபரம்பரைக் கதை சொல்கிறது. எத்தனையோ நூற்றாண்டு கழித்து, 1925-இல், சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகளுக்குத் தனித்தனியாகச் சாப்பாடு போட்ட விவகாரம் தமிழ்நாட்டையே கலக்கியது. அதே ஆண்டு நவம்பரில் இதே காஞ்சிபுரத்தில் காங்கிரஸ் மாநாடு. திரு.வி.க. தலைமை. வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் ஏற்கப்படவில்லை என்றதும் பெரியார் வெளியே நடந்தார். 1957-இல் திருவல்லிக்கேணி முரளீஸ் கஃபே வாசலில் 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி அவர் நடத்திய மறியலும் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில்தான்.

டைனர் கனவுக்காரர்கள் இதையும் கேட்டுக்கொள்ளட்டும். அந்தச் சிவப்பு சீட் எல்லோருக்கும் போட்டதல்ல. விக்டர் கிரீன் என்ற தபால்காரர் 1936-இல் ஒரு புத்தகம் போட ஆரம்பித்தார். காரில் போகிற கறுப்பர்கள் எந்த ஊரில் எங்கே சாப்பிடலாம், எங்கே தங்கலாம், யார் விரட்டமாட்டார்கள் என்று சொல்லும் கையேடு. முப்பது வருடம் அந்தப் புத்தகம் தேவைப்பட்டது! 1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோவில் ஒரு கடையின் சாப்பாட்டு கவுன்ட்டரில் உட்கார்ந்து, கொடுக்கும்வரை எழுந்திருக்கமாட்டோம் என்று சொன்ன நாலு பேரும் கல்லூரி மாணவர்கள். உங்கள் வயசு.

அப்படியானால் சாதி கேட்காத உணவு வளாகம் மேல் அல்லவா? கேட்கவில்லை என்பது உண்மை, அந்த அளவுக்கு நல்லது. ஆனால் அது வேறொன்றைக் கேட்கிறது. விலைப்பலகையைப் பார்த்தால் தெரியும். அய்யம்பேட்டையில் தறி ஓட்டுகிறவர் தன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் அங்கே காலை டிபனுக்குப் போகமாட்டார். சாதியை வாசலில் நிறுத்திய இடத்தில் இப்போது பர்ஸ் நிற்கிறது, அவ்வளவுதான். அதோடு இன்னொன்று. ஊர்க்கடையில் தனி டம்ளர் வைத்தால் அதை எதிர்த்து அந்த வாசலில் உட்கார முடியும். ஊர் பார்க்கும், பேசும், வெட்கப்படும். நெடுஞ்சாலை வளாகத்தில் யார் யாரை எதிர்த்து எங்கே உட்காருவது? செக்யூரிட்டி வண்டியை எடுக்கச் சொல்லுவார்.

இன்னொரு எதிர்வாதம்: பாதுகாப்பு, ஆம்புலன்ஸ், சரக்கு. ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். லாரிகள் காஞ்சிபுரம் ராஜவீதிகளில் போகவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அவசரக்காரனுக்கு அவசரச் சாலை இருக்கட்டும். "பழைய ரோட்டில் பொண்ணுங்க எங்கே பாத்ரூம் போறது?" என்று கேட்கிற தோழிகளின் கேள்வி இதைவிடக் கனமானது. பதில், எங்கேயும் இல்லை. இது வெட்கக்கேடு. ஆனால் இது யாரிடம் கேட்க வேண்டிய கேள்வி? கிலோமீட்டருக்கு இத்தனை கோடி என்று நாலு வழி, ஆறு வழி, எட்டு வழி போடத் தெரிந்த அரசுக்கு, வாலாஜாபாத்தில் தண்ணீர் வருகிற, தாழ்ப்பாள் உள்ள, விளக்கு எரிகிற ஒரு கழிப்பறை கட்டத் தெரியவில்லையா? அகலமாக்கும் வேலை ஐம்பத்தெட்டாம் எண் சாலையையும் தொட்டுவிட்டது. ரோட்டோரப் புளியமரத்தை வெட்டுவதில் காட்டுகிற சுறுசுறுப்பில் பத்தில் ஒரு பங்கை இதில் காட்டலாம்.

காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்களே இல்லையா என்றால், வருகிறார்கள், லட்சக்கணக்கில். 2019-இல் அத்திவரதர் 48 நாள் தரிசனம் தந்தபோது கூட்டம் ஒரு கோடியைத் தாண்டியது என்றார்கள். பிரச்சினை எண்ணிக்கை இல்லை. பொன்னேரிக்கரையில் இறங்கி, ஊருக்குள் நுழைந்து, ரெண்டு கோயில், காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடை, பிறகு மறுபடி பொன்னேரிக்கரை. எந்தக் கடைக்கு வண்டியை ஓட்டுவது என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் கமிஷன். புடவை விலையில் அந்தக் கமிஷனும் இருக்கிறது, நெசவாளி கூலி அதில் சின்னப் பங்கு. கர்நாடகத்துக் கச்சாப் பட்டும், சூரத்து ஜரிகையும் ஊர் தேடி வந்து சேர்ந்து, கோர்வை போட்டு, பேட்னி பிணைத்து, புடவையாகித் திரும்பப் போகின்றன. நூலுக்குத் தெரிந்த அளவுகூட இந்தச் சாலை காரில் போகிறவனுக்குத் தெரியவில்லை. பிள்ளையார்பாளையத்துத் தெருவில் ஒரு காலை நடந்து பார்த்தால், வீட்டுக்கு வீடு தறிச்சத்தம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அந்தத் தெருப் பாட்டிகளே சொல்லிவிடுவார்கள். அந்தத் தெருவிலும் டீக்கடை உண்டு. அங்கே அரை மணி உட்கார்ந்தால் எந்தக் கூட்டுறவுச் சங்கத்தில் கூலி பாக்கி, எது அசல், எது பவர்லூம் என்று எல்லாம் தெரிந்துவிடும். எந்த கைடும் சொல்லாத விஷயம்.

யாரும் அருங்காட்சியகம் கேட்கவில்லை. பழுப்புப் பலகையும் வேண்டாம், 'பாரம்பரியச் சாலைத் திருவிழா' என்று அமைச்சர் குத்துவிளக்கு ஏற்றுவதும் வேண்டாம். அதெல்லாம் செத்த பிறகு செய்கிற காரியம். கேட்பது சில்லறை விஷயங்கள்தான். டவுன் பஸ் ஊருக்குள் வர வேண்டும். ராத்திரியும் விடிகாலையும் ஒன்றாவது ஓட வேண்டும். வருமானம் உள்ள கோயில்களில் மின்சார மேளத்தைக் கழற்றிவிட்டு, இசைப்பள்ளியில் படித்துவிட்டு வேலை இல்லாமல் இருக்கிற பிள்ளைகளை மாதச் சம்பளத்துக்கு வைக்க வேண்டும். கழிப்பறை வேண்டும். ரோட் ட்ரிப் போகிற மகராசர்கள் ஒரு ராத்திரியாவது தங்க வேண்டும், காசு கொடுத்துச் சாப்பிட வேண்டும், கூத்துக்காரர் தட்டு நீட்டும்போது மொபைலை நீட்டாமல் பணம் போட வேண்டும்.

திருமுக்கூடல் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டு. அங்கே ஒரு கல்லூரியும், விடுதியும், வீரசோழன் என்ற பெயரில் பதினைந்து படுக்கை கொண்ட ஆதுலர் சாலையும் இருந்ததை அது சொல்கிறது. வைத்தியருக்கு எவ்வளவு, அறுவை செய்பவருக்கு எவ்வளவு, மருந்து என்னென்ன, மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் எத்தனை நெல் என்று கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். ஹாஸ்டல் மெஸ்ஸைத் திட்டுகிறவர்கள் அவசியம் போய்ப் பார்க்க வேண்டிய சுவர் :)

போவது எப்படி என்று கேட்பவர்களுக்கு: செங்கல்பட்டு - அரக்கோணம் ரயில் பாதையில் பழையசீவரம் என்றே ஒரு நிலையம் இருக்கிறது. பஸ் என்றால் செங்கல்பட்டிலிருந்து வாலாஜாபாத், காஞ்சிபுரம் போகிற வண்டிகள் அந்த வழியாகத்தான் போகும். மாட்டுப் பொங்கலன்று போனால் மலைமேல் வரதரோடு மேளமும் இருக்கும். மதியத்துக்கு மேல் கூட்டத்தோடு இறங்கி, மணலில் நடந்து அக்கரைக்குப் போய்விடலாம். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வது நல்லது. காரில் போகிறவர்கள் காரை வாலாஜாபாத்திலேயே விட்டுவிடவும், அன்றைக்கு அதற்கு மேல் வழி கிடைக்காது.